ஒற்றைச்சடை ஒளிந்த வீடு

அக்காவுக்குக் கற்பனை என்பது மருந்துக்கும் கிடையாது. பதினோரு வருடமாக வாராவாரம் ஒரு சாகசப் படக்கதை வரைகிறவளைப் பற்றி இப்படிச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் கண்ணால் பார்க்காத கதவை அவள் கை வரையாது, அதுதான் நிஜம். கதையின் நாயகி ஒற்றைச்சடை செப்புப் பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஏறிக் குதிக்காத சுவர் இல்லை. அந்தச் சுவர்கள் எல்லாமே எங்கேயோ நின்றுகொண்டிருக்கும் சுவர்கள்தான். கொள்ளையர் குகை என்று வாசகர்கள் வாயைப் பிளந்தார்களே, அது அக்காவின் பழைய வீட்டில் மாடிப்படிக்கு அடியில் இருந்த தட்டுமுட்டுச் சாமான் அறை. கதையும் வசனமும் பத்திரிகை ஆசிரியர் எழுதி அனுப்பிவிடுவார். ஆட்களை அக்கா எப்படியோ உண்டாக்கிவிடுவாள். ஆட்களுக்குப் பின்னால் நிற்கும் தெருவையும் வீட்டையும் மட்டும் எங்கிருந்தாவது எடுத்தாக வேண்டும்.

குடும்பத்தில் இது எல்லோருக்கும் தெரியும். தங்கையின் புருஷனுக்கும் தெரியும். அவன் லாரி ஓட்டுகிறவன். ஊர் ஊராகப் போகிறவன். "அக்கா வீட்டு ஜன்னல்ல போய் நின்னாப் போதும், அடுத்த வாரக் கதையைச் சொல்லிடலாம்" என்று சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கிண்டலடிப்பான். எல்லோரும் சிரிப்பார்கள். அக்காவும் சிரித்திருக்கிறாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது அவளுக்குத் தன்மேலேயே எரிச்சலாக வருகிறது.

அவன் தங்கையின் வலது மணிக்கட்டை உடைத்து நான்கு மாதம் ஆகிறது. வழக்குப் போட்டார்கள். கோர்ட்டுக்கு அவன் வரவில்லை. பிடிவாரண்ட் பிறந்தது, ஆள் மட்டும் அகப்படவில்லை. போலீஸ் ஒரு வாசல் வழியாக வந்தால் அவன் இன்னொரு வாசல் வழியாகக் கம்பி நீட்டுவான். லாரியும் அவனும் எந்த ஊரில் என்று யாருக்கும் தெரியாது. அக்காவும் தங்கையும் எங்கே போனாலும் மூன்று வாரத்தில் எப்படியோ மோப்பம் பிடித்து வந்து நிற்பான். இப்படி இரண்டு வீடு மாறி, மூன்றாவதாக இந்த ஊருக்கு வந்தார்கள். முகவரி தெரிந்தவர் ஆசிரியர் ஒருவர்தான். வரைந்த பக்கத்தை ஸ்கேன் செய்து அனுப்புவதோடு சரி.

வந்த அன்றே அக்கா தனக்கு ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள். இந்த ஊரின் ஒரு செங்கல்கூடக் கதைக்குள் வரக் கூடாது. இரண்டு மாதம் பழைய புகைப்படங்களைப் பார்த்தே ஒப்பேற்றினாள். தங்கைக்கும் ஒரு வேலை கிடைத்தது. படத்தில் எங்கெல்லாம் சின்னதாகப் பெருக்கல் குறி போட்டிருக்கிறதோ, அங்கெல்லாம் கறுப்பு மை நிரப்ப வேண்டும். எலும்பு கூடிவிட்டாலும் மணிக்கட்டு கோணலாகவே நின்றுவிட்டதால் இடது கையால் நிரப்பினாள். முதலில் கோட்டைத் தாண்டி மை வழியும். பிறகு வழியவில்லை.

திங்கட்கிழமை காலை ஆசிரியர் போன் செய்தார். குரலில் ஒரே குஷி.

"உங்களுக்கு ஒரு தீவிர ரசிகர் கிடைச்சிருக்காரும்மா. போன வெள்ளிக்கிழமை வந்த பக்கத்துல ஒற்றைச்சடை பஸ்ஸை விட்டு இறங்கற இடம் இருக்குல்ல, அங்க ஒரு மணிக்கூண்டு போட்டிருக்கீங்களே, ஒத்தை முள்ளோட? அது எந்த ஊர் மணிக்கூண்டு, எங்கயோ பார்த்த மாதிரி இருக்குன்னு எழுதிக் கேட்டிருக்கார். போட்டோ எடுத்து அனுப்பறேன் பாருங்க."

மணிக்கூண்டா? அக்கா எங்கே மணிக்கூண்டு போட்டாள்? பேச்சை அப்படியே விட்டுவிட்டுப் பழைய பக்கத்தின் நகலைத் தேடி எடுத்தாள். ஒற்றைச்சடையின் தோளுக்குப் பின்னால், கட்டைவிரல் அளவுக்கு, நிம்மதியாக நின்றுகொண்டிருந்தது. பெரிய முள் கழன்று விழுந்து சின்ன முள்ளோடு நிற்கும் கடிகாரம். தினமும் பால் வாங்கப் போகும்போது அண்ணாந்து பார்க்கிற அதே கடிகாரம். அடுத்த நாள் பக்கம் போயாக வேண்டும் என்ற அவசரத்தில் மூளை ஒற்றைச்சடையின் முகத்தைக் கவனித்தது, கை தன் பாட்டுக்குப் பின்னணியை முடித்துவிட்டது. பாழாய்ப்போன கை.

ஆசிரியர் எடுத்தனுப்பிய கடிதத்தின் படம் வந்தது. கீழே 'பழைய வாசகன்' என்று மட்டும் கையெழுத்து. தங்கை எட்டிப் பார்த்தாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"அவன்தான்க்கா."

"எப்படிச் சொல்ற?"

"புள்ளி வைக்கிற இடத்துல எல்லாம் காகிதம் ஓட்டையாகியிருக்கு பாரு. பேனாவை அப்படித்தான் குத்துவான்."

அக்கா போனைத் திரும்பக் காதில் வைத்தாள். ஆசிரியர் இன்னும் இணைப்பில்தான் இருந்தார். விஷயத்தைக் கேட்டதும் மனிதருக்குக் குஷி எல்லாம் வடிந்துவிட்டது. அந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதவில்லை, அது ஒன்றுதான் ஆறுதல். ஆனால் லாரிக்காரனுக்குப் பதில் எதற்கு? மறந்துபோன ஊர் இரண்டு நாளில் ஞாபகம் வந்துவிடும். அதைவிடப் பெரிய இடி அடுத்து வரவிருந்த பக்கங்களில் இருந்தது. வரும் வெள்ளிக்கிழமைப் பக்கத்தில் ஒற்றைச்சடை மணிக்கூண்டிலிருந்து ஒரு சந்துக்குள் ஓடுகிறாள். தையல் கடை, கம்பி வேலி, சாய்ந்த விளக்குக் கம்பம். கம்பத்தடியில் சந்து இரண்டாகப் பிரிகிறது. இடதா வலதா என்று அவள் திகைத்து நிற்பதோடு பக்கம் முடிகிறது. அதற்கடுத்த வாரம் இடது பக்கம் திரும்பி, ஒரு வீட்டுப் படியேறி, இரண்டாம் மாடியில் ஒளிந்துகொள்கிறாள். அந்தப் படி இவர்கள் வீட்டுப் படி. அந்த இரண்டாம் மாடி இவர்கள் இருக்கும் இரண்டாம் மாடி. பால் கடையிலிருந்து வீடு வரைக்கும், ஒரு திருப்பம்கூட விடாமல், அக்கா தன் கையாலேயே வழி போட்டுக் கொடுத்திருக்கிறாள்.

"சந்து வர்ற பக்கத்தை நிறுத்த முடியாதும்மா. அச்சடிச்சு மடிச்சாச்சு, லாரில ஏத்தியாச்சு" என்றார் ஆசிரியர். லாரி என்ற வார்த்தை வாயில் வந்ததும் அவரே ஒரு கணம் நிறுத்திக்கொண்டார். "அதுக்கு அடுத்த பக்கம் புதன்கிழமை மத்தியானம் அச்சுக்குப் போகுது. அதுக்குள்ள வேற வரைஞ்சு குடுத்தீங்கன்னா மாத்திடறேன்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், தங்கை கட்டிலுக்கு அடியிலிருந்து பையை இழுத்துக்கொண்டிருந்தாள். பாதி துணி உள்ளே போயிருந்தது. பிறகு என்ன தோன்றியதோ, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"வா, கிளம்பிடலாம்" என்றாள் அக்கா.

"எங்கக்கா போறது? எங்க போனாலும் நீ வரைவ."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அக்காவுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். இரண்டு வீடு மாறியும் அவன் மோப்பம் பிடித்தது எப்படி என்று இத்தனை நாள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தாளே, அந்தக் கேள்விக்கு அப்போதுதான் விடை கிடைத்தது. அந்த இரண்டு வீட்டையும் அவள் வரைந்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை, அக்கா நோட்டும் பென்சிலுமாகச் சந்துக்குள் இறங்கினாள். ஒற்றைச்சடை ஒளிவதற்கு வேறு ஒரு வீடு வேண்டும், அதுவும் பார்த்து வரைய வேண்டும். கம்பத்தடியில் வலது பக்கம் திரும்பினால் ஒரு நீள மதில். மதிலை ஒட்டி வெளிப்புறமாக ஒரு இரும்புப் படிக்கட்டு, மேலே பச்சைக் கதவு, கதவுக்குப் பக்கத்தில் துணி காயப்போடும் கயிறு. பன்னிரண்டு படி. உட்கார்ந்து வரையத் தொடங்கினாள். முதுகு முழுக்கக் கண்ணாக இருந்தது. பின்னால் ஒரு சைக்கிள் போனால் பென்சில் நின்றது. யாரோ காறித் துப்பினால் நின்றது. சந்தின் வாயில் ஒருவன் பத்திரிகையை விரித்துப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தை அண்ணாந்து பார்ப்பது தெரிந்தபோது நோட்டைச் சட்டென்று மூடினாள். அவன் பத்திரிகையால் தலைக்கு வெயில் மறைத்துக்கொண்டு பஸ் ஏறிப் போனான்.

"இங்க என்ன பண்றீங்க?"

பச்சைக் கதவு திறந்திருந்தது. படியின் உச்சியில் வாட்டசாட்டமான ஒரு பெண், காக்கிக் கால்சட்டையும் கையில் சோப்பு நுரையுமாக நின்றாள். அக்காவுக்கு அப்போதுதான் விளங்கியது. முன்பக்கம் பெரிய சாலையில் பலகை மாட்டியிருக்கும் போலீஸ் ஸ்டேஷனின் முதுகுதான் இந்த மதில். மாடியில் இருப்பது பெண் போலீசார் உடை மாற்றும் அறை.

அக்கா அழமாட்டாள். ஆனால் அன்றைக்கு, முன்பின் தெரியாத அந்த ஏட்டம்மாவிடம் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் கொட்டித் தீர்த்தாள். ஏட்டம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு நோட்டை வாங்கிப் பார்த்தாள்.

"நல்லா இருக்கு. படி பன்னெண்டுதான், சரியா எண்ணியிருக்கீங்க" என்றாள். "இங்க பாருங்க. சந்து முனையில யூனிபாரம் தெரிஞ்சா அவன் லாரியேறிடுவான். நாங்க தேடிப் போனா கிடைக்கமாட்டான். அவனா தேடி வந்தான்னா அது வேற கதை. நீங்க வரையறதை வரைங்க. வாரண்ட் நகலை நான் வாங்கி வச்சிடறேன். அந்த வெள்ளிக்கிழமை கயித்துல காக்கி காயாமப் பார்த்துக்கறதும் என் பொறுப்பு."

புதன்கிழமை காலை பத்து மணிக்குப் பக்கம் முடிந்தது. ஒற்றைச்சடை வலது பக்கம் ஓடுகிறாள், இரும்புப் படியேறுகிறாள், பச்சைக் கதவு மூடுகிறது. தங்கை கறுப்பு நிரப்ப உட்கார்ந்தவள், தூரிகையை மையில் தோய்க்காமலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நம்பமாட்டான்க்கா."

"ஏன்? அச்சு அசலா இருக்கே."

"இடம் இருக்கு. நான் இல்லை. இந்தப் படியில என்னோடது ஏதாவது கிடக்கணும். அப்பதான் மேல ஏறுவான்."

வாசலுக்குப் போய்த் தன் செருப்பை எடுத்துவந்து மேசைமேல் வைத்தாள். இடது செருப்பின் வார் அறுந்து, பச்சை நூலால் தைத்திருந்தது. அறுத்தவன் அவன். தைத்ததைப் பார்த்து, புதுசு வாங்க வக்கில்லாதவனுக்கு வாழ்க்கைப்பட்டவள் என்று ஊருக்குக் காட்டுகிறாயா என்று இன்னொரு முறை அடித்தவனும் அவன்தான். அந்த நூலை அவன் மறக்க வழியில்லை.

"கொண்டா, போட்டுடறேன்" என்று அக்கா பேனாவை எடுத்தாள்.

"நான் போடறேன்."

தங்கை பேனாவை வலது கையில் பிடித்தாள். நான்கு மாதமாக அந்தக் கை ஒரு தம்ளரைக்கூட ஒழுங்காகத் தூக்கியதில்லை. கோடு நடுங்கியது. ஒரு செருப்பு பெரிதாகவும் இன்னொன்று சிறிதாகவும் விழுந்தது. வார் கோணிக்கொண்டு போனது, அதன்மேல் தையல் மட்டும் தெளிவாகத் தெரிந்தது. பதினோரு வருடமாக ஒரு கோணல் கோட்டைப் பொறுத்துக்கொள்ளாத அக்கா அதைத் திருத்தாமல் அப்படியே ஸ்கேன் செய்து அனுப்பினாள். மணி பதினொன்றரை.

வெள்ளிக்கிழமை சந்து வெளியானது. ஞாயிற்றுக்கிழமை அவன் வந்தான்.

திரையின் விளிம்பில் விரல் அகலத்துக்கு இடைவெளி விட்டுத் தங்கைதான் முதலில் பார்த்தாள். அக்காவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள், அவ்வளவுதான். கீழே கம்பத்தடியில், பத்திரிகையைச் சுருட்டிக் கையில் தட்டிக்கொண்டு, ஏதோ வீடு வாடகைக்குத் தேடுகிறவன் மாதிரி சாவகாசமாக நின்றான். தையல்காரரிடம் என்னவோ கேட்டான். அவர் வாயில் எப்போதும் நான்கு ஊசி இருக்கும், பதில் சொல்வதில்லை. தங்கை ஏட்டம்மாவுக்கு போன் செய்தாள். பத்து நிமிடத்தில் போலீஸ் வந்தது. அவன் போய் எட்டு நிமிடம் ஆகியிருந்தது.

அதன்பிறகு அந்த வீட்டில் தண்ணீர்க் குழாயைக்கூடப் பயந்து பயந்துதான் திறந்தார்கள். பேச்செல்லாம் கிசுகிசுப்பு. செவ்வாய்க்கிழமை தொப்பி போட்டுக்கொண்டு வந்தான். புதன்கிழமை வரவில்லை, அதுதான் இன்னும் மோசமாக இருந்தது. இருவரும் மாறி மாறித் திரையோரம் உட்கார்ந்தார்கள். அக்காவால் ஒரு கோடு போட முடியவில்லை. வெள்ளைத் தாளைப் பார்த்தாலே அதில் தன் வீட்டு வாசல் தெரிவது போல இருந்தது.

வியாழக்கிழமை காலை தங்கையின் செருப்பையும், கயிற்றில் காயப்போட அவளுடைய நீலச் சட்டையையும் ஏட்டம்மா ஆள் அனுப்பி வாங்கிக்கொண்டாள். மறுநாள் காலையில் படியில் கிடக்க வேண்டும் அல்லவா? அக்காவும் என்னவோ தோன்றித் தன் செருப்பை எடுத்து உள்ளே வைத்தாள். மத்தியானம் படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது.

கீழ்வீட்டுக் கதவைத் தட்டும் சத்தம். "மீட்டர் பார்க்கணும்." அந்தக் குரலைக் கேட்டதும் தங்கை மேசைக்கு அடியில் போய்ச் சுருண்டுகொண்டாள், இடது கை வலது மணிக்கட்டைப் பொத்தியிருந்தது. முதல் மாடி. ஒரு கதவு. இரண்டாவது கதவு. பிறகு இவர்கள் மாடிக்கு ஏறும் படிகள், ஒவ்வொன்றாக. எதிர்வீட்டு வாசலில் நின்றான். அங்கே கிடந்த செருப்புகளைக் காலால் தள்ளிப் பார்க்கும் ஓசை கேட்டது. அக்காவுக்குப் புரிந்துவிட்டது. அவன் கதவுகளைத் தட்டுவது பேருக்குத்தான். பார்ப்பது செருப்பை.

இவர்கள் கதவுக்கு வந்தான். மூன்று தட்டு. அக்கா மைப் புட்டியைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்கி நின்றாள். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. கதவின் அடியில் இரண்டு ஷூவின் நிழல். அது நகரவில்லை. இன்னும் மூன்று தட்டு. வாசலில் ஒரு ஜோடி செருப்புக்கூட இல்லை. ஆள் இல்லாத வீடு. நிழல் விலகியது.

காலடிகள் இறங்கி முடிந்த பிறகும் தங்கை மேசைக்கு அடியிலிருந்து வரவில்லை. அக்காவும் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். இடம் போதவில்லை. இருவர் முழங்காலும் இடித்தது. பொழுது சாயும்வரை அப்படியே இருந்தார்கள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. சந்து முனையில் இருக்கும் பத்திரிகைக் கடையின் கதவு ஏழு மணிக்குத் தூக்கப்படும். ஏழுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே அவன் அங்கே நின்றான். கட்டைப் பிரித்ததும் முதல் ஆளாக வாங்கினான். கம்பத்தடிக்கு வந்து பக்கத்தைப் புரட்டினான்.

அக்கா திரை இடுக்கில் ஒரு கண்ணை வைத்திருந்தாள். தங்கையின் தாடை அவள் தோளில் அழுந்தியிருந்தது. அவன் படித்தான். பக்கத்தைக் கண்ணருகே கொண்டுபோனான். நிமிர்ந்தான். நேராக இவர்கள் ஜன்னலைப் பார்த்தான். அவனுக்குத் தெரிந்துவிட்டது, இந்தக் கோட்டில் அக்கா ஏதோ காட்டிக்கொடுத்திருக்கிறாள், எப்போதும்போல. பாழாய்ப்போன கை.

அவன் மறுபடி பக்கத்தைப் பார்த்தான். பிறகு வலது பக்கம் திரும்பினான்.

படிக்கட்டின் அடி மட்டும்தான் இங்கிருந்து தெரியும். மூன்றாம் படியில் குனிந்து எதையோ எடுத்தான். செருப்பைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு தலையை நிமிர்த்தினான், மேலே கயிற்றில் ஆடும் தங்கையின் நீலச் சட்டையைத்தான் பார்த்திருப்பான். அவன் ஏறினான். நான்கு, ஐந்து, ஆறு. ஏழாம் படிக்குமேல் சுவர் மறைத்தது. பச்சைக் கதவு உதைபடும் சத்தம் சந்து முழுக்கக் கேட்டது. பிறகு பல பேர் ஒரே நேரத்தில் கத்தும் சத்தம், இரும்புப் படி அதிரும் சத்தம். தையல்காரர் வாயிலிருந்த ஊசிகளை எடுத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

தங்கை திரையை விட்டு நகர்ந்து தரையில் உட்கார்ந்தாள். சந்தோஷம் வரும் என்று அக்கா நினைத்திருந்தாள். அது வராமல், மைப் புட்டியின் மூடியைத் திருகித் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

ஒன்பது மணிக்குக் கதவு தட்டப்பட்டது. இருவரும் மேசையைப் பார்த்தார்கள். "நான்தான்" என்று ஏட்டம்மாவின் குரல் கேட்ட பிறகுதான் அக்கா தாழ்ப்பாளை விலக்கினாள். ஏட்டம்மாவின் முழங்கையில் ஒரு சிராய்ப்பு இருந்தது.

"உள்ள போட்டாச்சு. வண்டியும் கிடைச்சிடுச்சு" என்றாள். "சட்டையைச் சாயங்காலம் குடுத்தனுப்பறேன். செருப்பு சாட்சிப் பொருளாயிடுச்சும்மா, இப்பத்திக்குக் கிடைக்காது. வேற வாங்கிக்கங்க."

தங்கை தலையாட்டினாள். ஏட்டம்மா போகத் திரும்பியவள் நின்றாள்.

"ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். விலங்கு மாட்டற வரைக்கும் அந்தப் பத்திரிகையை விடல அவன். வேற எதுவும் பேசல. 'படத்துல இருக்கற இந்தச் செருப்பு அவ அக்கா போட்டதில்ல, கோடு வேற மாதிரி இருக்கு, இதை யார் போட்டது'ன்னு அதையே கேட்டுக்கிட்டிருக்கான். நான் பதில் சொல்லல."

அக்கா தங்கையைப் பார்த்தாள். தங்கை தன் வலது மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நகத்தோரத்தில் ஒன்பது நாளாகியும் போகாத மை கறுப்பாக ஒட்டியிருந்தது.

"நான் போட்டதுன்னு சொல்லுங்க" என்றாள். "இந்தக் கையாலதான்னு சொல்லுங்க."